மீதி ஏன் பூஜ்யம்

தம்பி,

போன புதன்கிழமை நீ போனில் சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் காதுக்குள்ளேயே நிற்கிறது. வேலை கிடைத்துவிட்டது, கௌரவ விரிவுரையாளர், வருகிற திங்கள் விட்டு அடுத்த திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்கள் என்றாய். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து பேசினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. என்ன பாடம் என்று கேட்டேன். அல்ஜீப்ரா என்றாய். "உங்க நோட்டை எடுத்து வைங்கம்மா. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வாரேன், வாங்கிக்கிறேன்." போவதற்கு முன்னால் நீயாக ஒருமுறை பாடத்தை உட்கார்ந்து பார்க்க வேண்டாமா என்று நான் ஏதோ இழுத்தேன். அப்போதுதான் சொன்னாய். சிரித்துக்கொண்டே சொன்னாய். "எனக்குக் கணக்கு வராதும்மா. சொல்லிக்கொடுக்க வரும்."

சிக்னல் போய்விட்டது என்று நினைத்து நீ வைத்துவிட்டாய். சிக்னல் இருந்தது.

அந்த நோட்டை உன்னிடம் தரப்போவதில்லை. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "பரவாயில்லம்மா" என்று முடித்துவிடுவாய். உனக்குப் பரவாயில்லை என்று சொல்லி முடிக்கிற பழக்கம் உண்டு. அதுவும் என்னிடமிருந்து வந்ததுதான். உனக்கு மட்டும் எழுதினால் போதாது என்றும் தோன்றியது. அந்த நோட்டைப் படித்து எழுதித் தேறியவர்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர். அவர்களில் யாராவது பார்க்கட்டும் என்று எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உன் பெயரையும் என் பெயரையும் மட்டும் விட்டுவிட்டேன். மற்ற எதையும் விடக்கூடாது என்று இந்தமுறை கவனமாக இருக்கிறேன்.

நோட்டு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். நீளமான நோட்டு, கெட்டி அட்டை, நூற்றெண்பது பக்கம். முதுகில் துணி ஒட்டி இரண்டுமுறை தைத்தது. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம், என் மாணவப் பருவத்து நோட்டைப் பார்த்து அதில் படி எடுத்தேன். அந்தப் பழைய நோட்டு என் ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதியது. அவர் யாருடைய நோட்டிலிருந்து சொன்னார் என்று எனக்குத் தெரியாது. இருபத்துமூன்று வருஷம் அதை வைத்துத்தான் பாடம் நடத்தினேன். இடையில் அது என் கையைவிட்டும் போய்விட்டது. கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடையில் அதன் நகல் ஒன்று ஆணியில் தொங்குகிறது. கடைக்கார அண்ணன் அதற்கு வைத்திருக்கிற பெயர் 'கணக்கு மேடம் நோட்டு'. என்னிடம் படித்தவர்கள் வேறு கல்லூரிகளுக்கு வேலைக்குப் போனபோது அதையும் கொண்டுபோனார்கள். அங்கேயும் வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைகள் இருக்கின்றன.

எனக்கு அதில் பெருமை இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன். பழங்காநத்தம் பஸ் நிறுத்தத்தில் யாரோ ஒரு பெண் வந்து "மேடம், உங்க நோட்டுலதான் படிச்சேன்" என்று சொன்ன நாட்களில் வீடுவரை நடந்துவருவதே வேறு மாதிரி இருக்கும்.

நான் கணக்குப் புரிந்து மேலே வந்தவள் அல்ல. இதை உன்னிடம் நேராகச் சொன்னதில்லை. சோழவந்தானில் என் அப்பா அடுத்தவர் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போனவர். அங்கிருந்து என்னைப் பஸ் ஏற்றியது மனப்பாடம். ஆங்கிலத்தில் இருந்த நிரூபணங்களை, பாதிச் சொற்களுக்கு அர்த்தம் தெரியாமல், ஒரு காற்புள்ளி விடாமல் ஒப்பித்தேன். 'ஆகவே' என்பதற்குக் கணக்கில் மூன்று புள்ளி வைப்போம் இல்லையா. அந்த மூன்று புள்ளி எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். ஏன் வரும் என்று தெரியாது. மார்க் வந்தது. சீட் வந்தது. வேலை வந்தது. எனக்குச் சோறு போட்ட ஒன்றை எப்படிக் குறை சொல்வது என்று இந்த நிமிஷம்கூடத் தயக்கமாக இருக்கிறது. என்னோடு படித்த ஒருத்தி புரியவில்லை என்று நின்றாள். நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். ஊரில் அவளை இப்போதும் பார்க்கிறேன். எங்கள் இரண்டு பேரில் யார் கணக்குப் படித்தவள் என்று சில நாட்களாக யோசிக்கிறேன்.

நீ எட்டாவது படிக்கும்போது ஒருநாள் கேட்டாய். மைனஸும் மைனஸும் பெருக்கினால் பிளஸ் வருகிறதே, ஏன் என்று. நான் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. "பரீட்சையில ஏன்னு கேக்க மாட்டாங்கடா. எம்புட்டுன்னுதான் கேப்பாங்க." உன் அப்பா சிரித்தார். நீயும் சிரித்தாய். வீட்டில் ரொம்ப நாள் அது ஒரு வேடிக்கையாக ஓடியது. தோசை ஏன் கருகியது என்று கேட்டால் "ஏன்னு கேக்கக்கூடாது, எம்புட்டுன்னு கேளு" என்பார் அப்பா. உண்மையில் எனக்கு அந்த 'ஏன்' தெரியாது. தெரியாது என்று சொல்லியிருந்தால் உன் வாழ்க்கை எப்படிப் போயிருக்கும் என்று கணக்குப் போட முடியவில்லை.

பிறகு என் கல்லூரியிலேயே சேர்ந்தாய். என் வகுப்பில் மூன்றாவது பெஞ்ச். வகுப்பில் மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று நான்தான் சொன்னேன். ஒருநாள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது "மேடம், ரசம்" என்றாய். அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. அந்த வருஷம் முழுக்க அவரும் என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டார். நீ நன்றாகப் படித்தாய். நான் எழுதிப்போட்டது அப்படியே உன் விடைத்தாளில் இருக்கும். என் கையெழுத்தின் சாய்வுகூட. எம்.எஸ்சி.யில் பல்கலைக்கழக முதலிடம் வாங்கினாய். சோழவந்தானில் உன் மாமா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஃபிளெக்ஸ் வைத்தார். 'கணிதப் புயலே வருக'. கறுப்பு அங்கியில் நீ, பின்னால் பாயும் புலி ஒன்று. புலி எதற்கு மாமா என்று நீ கேட்டதற்கு, கடைக்காரன் இலவசமாகப் போட்டுக்கொடுத்தான் மாப்ள என்றார். அந்த ஃபிளெக்ஸ் இப்போது அவர் வீட்டு மோட்டாரை மூடியிருக்கிறது. உன் முகம் உள்பக்கம்.

அதற்கப்புறம் ஆராய்ச்சிப் படிப்புக்கு நேர்காணல். வெளியூர், பெரிய இடம். நீ திரும்பி வந்த அன்று மத்தியானம் சமையலறை வாசலில் உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தவறு இருந்தால் வெள்ளிக்கிழமை திருத்து.

மூன்று பேர் இருந்தார்கள். உனக்கு நன்றாகத் தெரிந்த தேற்றம் ஒன்றைச் சொல், அதிலேயே கேட்கிறோம் என்றார்கள். சைக்ளிக் குரூப் பற்றிய தேற்றத்தைச் சொன்னாய். போர்டில் எழுதச் சொன்னார்கள். எழுதினாய், தடங்கலில்லாமல், ஆறு வரி. ஒருவர் ஐந்தாவது வரியைக் காட்டினார். இந்த மீதி ஏன் பூஜ்யம் என்று கேட்டார். "நான் அதுதான் சார் அடுத்த ஸ்டெப்புன்னேன்மா." அவர் சிரிக்கவில்லை. சரி, நிரூபணத்தை விட்டுவிடுவோம், ஆறு, பத்து என்று இரண்டு எண்களை வைத்துக்கொள், அவற்றைக் கூட்டியும் கழித்தும் என்னென்ன எண்கள் கிடைக்கும் என்று கேட்டார். நீ நின்றாய். தண்ணீர் கொடுத்தார்கள். நேரம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். "ரொம்ப மரியாதையா நடத்துனாங்கம்மா. அதைத்தான் தாங்க முடியல."

நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? பயத்தில் ஒரு வரி மறந்திருக்கும்டா என்றேன். நீயும் அதையே பிடித்துக்கொண்டாய். ஆமாம்மா, மறந்துட்டேன். பிறகு 'மறந்துட்டேன்' என்பது 'வராது' என்று ஆகிவிட்டது. இரண்டு வருஷம் வங்கித் தேர்வுக் கோச்சிங் சென்டரில் குறுக்குவழி சொல்லிக்கொடுத்தாய். எனக்கு வராதும்மா என்று நீ சொல்லும்போதெல்லாம் நான் ஏதாவது சாப்பிடக் கொடுத்தேன். ஒருமுறையாவது நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. என் நோட்டைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மே மாதம் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போயிருந்தேன். நீளமான கூடம், மின்விசிறிச் சத்தம், மேசை மேசையாகக் கட்டுகள். என் பக்கத்தில் நஜ்மா என்று ஒரு பெண், டவுனுக்குள் இருக்கிற ஒரு கல்லூரியில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருக்கும். முதல் நாளே எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது, ஒரு விடைத்தாளால். ஒரு மாணவன் முதல் கேள்வியின் முதல் வரியில் 'முந்தைய பக்கம் பார்க்க' என்று எழுதியிருந்தான். அதற்கு முந்தைய பக்கம் என்று எதுவும் இல்லை. நோட்டில் அப்படி இருந்திருக்கிறது, அப்படியே எழுதிவிட்டான். நஜ்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். கடைசியாகச் சிரித்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் அவள் என் பக்கம் சாய்ந்து கேட்டாள். "மேடம், இந்தக் கட்டுல எல்லாப் புள்ளைகளும் ஒரே வரியை விட்டிருக்குதுக. காப்பி அடிச்சிருப்பாங்களோ?" பார்த்தேன். சைக்ளிக் குரூப் தேற்றம். பத்து மார்க். அந்தக் கட்டு முழுக்க அதே ஆறு வரி. அடுத்த கட்டைப் பிரித்தேன். அது வேறு கல்லூரி. அதே ஆறு வரி. அதற்கடுத்ததில் பாதிப் பேர். நான் அந்த வரிகளைத் தொடர்ந்து படித்தேன். வாக்கியங்கள் எனக்குத் தெரிந்தவை. ஓரிடத்தில் தேவையில்லாத ஒரு 'தெளிவாக' வரும். அது நான் போட்டது. இளவயதில் எனக்கு அந்தச் சொல் பிடிக்கும்.

என்ன வரி இல்லை என்று நஜ்மாதான் காட்டினாள். இதை நீ நிதானமாகப் படி. படித்துப் பழக்கமில்லாதவர்களுக்கும் புரியும், அவ்வளவு எளிது. கூட்டினாலும் கழித்தாலும் வெளியே போகாத ஓர் எண் கூட்டம் இருக்கிறது. அதில் உள்ள எல்லா எண்களும் ஒரே ஓர் எண்ணின் மடங்குகள்தாம் என்று காட்ட வேண்டும். கூட்டத்தில் பூஜ்யத்தைவிடப் பெரிய எண்களில் மிகச் சிறியதை எடு. வேறு எந்த எண்ணையும் அதால் வகு. மீதியும் அதே கூட்டத்து ஆள்தான், ஏனென்றால் அது கழித்துக் கிடைத்தது. ஆனால் மீதி வகுத்த எண்ணைவிடச் சிறியது. இருப்பதிலேயே சிறியதைவிடச் சிறியது உள்ளே எப்படி இருக்கும்? இருக்காது. அதனால் மீதி பூஜ்யம். அவ்வளவுதான் தேற்றம். என் நோட்டில் 'மிகச் சிறியதை எடு' என்ற வரி இல்லை. 'm என்று ஓர் எண்ணை எடு' என்று ஆரம்பித்து, வகுத்து, மீதி பூஜ்யம் என்று போய்விடுகிறது. மூன்று புள்ளியோடு.

நஜ்மா இரண்டு மார்க் குறைக்கலாமா என்று முகாம் சேர்மனிடம் போய்க் கேட்டாள். அவர் எனக்கு முந்தைய தலைமுறை. கெட்டவர் அல்ல. கட்டுகளை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஏம்மா, அம்புட்டுப் பேரும் ஒரே மாதிரி எழுதியிருந்தா அதுதானம்மா சரியான விடை."

கூடத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் மூத்தவள், நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாள். நான் பேனாவைத் திறந்து முழு மார்க் போட்டேன். அடுத்ததற்கும் போட்டேன். சாயங்காலம்வரை போட்டேன். இதை உன் அப்பாவிடம்கூட அன்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தேன். நாற்பத்தொன்றாம் பக்கம். வரி இல்லை. பரணில் இருந்த பழைய நோட்டை இறக்கச் சொன்னேன். பூச்சி அரித்திருந்தாலும் படிக்க முடிந்தது. அதில் வரி இருக்கிறது. பென்சிலால் அடிக்கோடுகூட இட்டிருக்கிறேன். அப்படியென்றால் படி எடுக்கும்போது விட்டிருக்கிறேன். அப்போது நீ கைக்குழந்தை. நீ அழுதாய், எழுந்துபோய் வந்து உட்காரும்போது ஒரு வரி தள்ளி ஆரம்பித்துவிட்டேன் என்று எழுதினால் இந்தக் கடிதத்துக்குப் பொருத்தமாக இருக்கும். எனக்குத் தெரியாது. எனக்கு நினைவில்லை. வரி விட்டது ஒரு பிழை, யாருக்கும் நேரும். என்னை உலுக்கியது அது இல்லை. இருபத்துமூன்று வருஷம், வருஷத்துக்கு ஒருமுறையாவது, அந்த ஆறு வரியை நான் போர்டில் எழுதியிருக்கிறேன். ஒருமுறைகூட ஐந்தாவது வரியில் என் கை நிற்கவில்லை.

ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். ஆறு, பத்து. பத்திலிருந்து ஆறு போனால் நாலு. ஆறிலிருந்து நாலு போனால் இரண்டு. இரண்டு கிடைத்துவிட்டால் எல்லா இரட்டை எண்களும் கிடைத்துவிடும். அந்தப் பெரிய மனிதர் உன்னிடம் கேட்டது இவ்வளவுதான். இப்போது அந்தக் கூட்டத்தில் என் நோட்டு சொல்கிறபடி ஏதோ ஓர் எண்ணை எடுக்கிறேன். பத்து. வேறொன்றை அதால் வகுக்கிறேன். பதினாறு. பதினாறைப் பத்தால் வகுத்தால் மீதி ஆறு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். என் நோட்டின்படி மீதி பூஜ்யம்.

அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நீ எதையும் மறக்கவில்லை, தம்பி. நான் கொடுத்ததை ஓர் எழுத்து விடாமல் அந்தப் போர்டில் எழுதினாய். இதை உடனே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். மே மாதமே. மூன்று மாதம் ஓடிவிட்டது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனை எடுப்பேன், சாப்பிட்டாயா என்று கேட்பேன், வைப்பேன். உன் அப்பாவுக்குச் சொன்ன அன்றிலிருந்து அவர் தினமும் ஒரே கேள்வி. சொல்லிட்டியா? இல்லை. மேடம் சொல்ல மாட்டாங்க போல, என்பார். இப்போது அதில் வேடிக்கை இல்லை.

யாரையாவது குற்றம் சொல்ல முடிந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். யாரும் காப்பி அடிக்கவில்லை. அந்தக் கட்டுகளில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் உழைத்திருக்கிறார்கள். முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறவர்கள், வேறு பாடத்தில் இடம் கிடைக்காமல் கணக்குக்கு வந்தவர்கள், ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் தானாக எழுதத் தெரியாமல் ஆறு பக்க நிரூபணத்தை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள். நாங்களும் சும்மா இருக்கவில்லை. ஆய்வுக் குழு வருகிறது என்று மாதக்கணக்கில் கோப்பு தைத்தோம், சுவரில் கணித மேதைகள் படம் ஒட்டினோம், ஐந்து யூனிட்டில் எதை விட்டாலும் பாஸ் ஆகலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தோம். முக்கியக் கேள்விகள் பட்டியல் கொடுத்தோம். பட்டியலில் இருந்துதான் கேள்வி வந்தது, ஏனென்றால் கேள்வித்தாள் எடுத்தவரிடமும் அதே பட்டியல் இருந்தது. எல்லோரும் நேர்மையாக வேலை பார்த்தோம். இத்தனை நேர்மைக்கு நடுவில் கணக்கு எந்த இடத்தில் இறங்கிப்போனது என்று யாரும் பார்க்கவில்லை.

நீ போன் செய்த மறுநாள், வியாழக்கிழமை, எம்.எஸ்சி. முதலாண்டு வகுப்புக்குப் போனேன். போர்டில் அந்த ஆறு வரியை எழுதினேன், நோட்டில் இருக்கிறபடியே. திரும்பி நின்று, மீதி ஏன் பூஜ்யம் என்று கேட்டேன். முன் பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வந்தது. இது பத்து மார்க்கா, ஐந்து மார்க்கா மேடம். நான் பக்கத்தில் பதினாறு, பத்து, மீதி ஆறு என்று எழுதினேன். இந்த நிரூபணத்தில் ஒரு வரி இல்லை, இருபத்துமூன்று வருஷமாக நான் அதை விட்டுவிட்டு நடத்தியிருக்கிறேன் என்று சொன்னேன். எனக்கு உடம்பு சரியில்லையோ என்பதுபோலப் பார்த்தார்கள். ஒருவன் எழுந்தான். "அப்ப பரீட்சையில எப்படி எழுதணும் மேடம்? பழசா, புதுசா?" கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டான்.

மணி அடித்த பிறகு ஒரு பெண் மட்டும் நின்றாள். பவித்ரா. வண்டியூரிலிருந்து வருகிறவள், கடைசி பெஞ்ச், பேசவே மாட்டாள். பி.எஸ்சி.யும் எங்களிடம்தான் படித்தாள். மார்க் சுமார். போர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மேடம், அப்பவே எனக்கு இந்த இடம் புரியல. எல்லாருக்கும் புரிஞ்சிருச்சு போல, எனக்குத்தான் மூளை கம்மின்னு விட்டுட்டேன்."

எல்லாருக்கும் புரிந்ததுபோல. ஒருவருக்கும் புரியவில்லை. அந்தக் கூடத்தில் நஜ்மாவைத் தவிர எனக்குத் தெரிந்து ஒருவருக்கும். புரியவில்லை என்று தெரிந்து நின்ற ஒரே பிள்ளைக்குச் சுமார் மார்க் போட்டு அனுப்பியிருக்கிறேன். நிற்காமல் எழுதிய உனக்கு முதலிடம்.

அன்றே ஜெராக்ஸ் கடைக்குப் போய் நோட்டை எடுத்துவிடச் சொன்னேன். அண்ணன் பதறிப்போனார். இம்புட்டு வருஷமா யாரும் ஒண்ணும் சொல்லலையே மேடம் என்றார். பிறகு யோசித்துவிட்டு, எடுத்துவிட்டால் பிள்ளைகள் வேறு நோட்டைத் தேடிப் போவார்கள், அதில் எம்புட்டுத் தப்பு இருக்கிறதோ என்றார். நோட்டை ஆணியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். நேற்று அந்தப் பக்கம் போனபோது அவரே கூப்பிட்டார். ஒரு பெண் வந்து நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஏதோ எழுதிவிட்டுப் போயிருக்கிறாள், நீங்கள்தான் சொல்லி அனுப்பினீர்கள் என்று நினைத்தேன் என்றார். நான் யாரையும் அனுப்பவில்லை. வாங்கிப் பார்த்தேன். என் ஆங்கில வரிகளுக்கு நடுவில், நீல மையில், தமிழில் எழுதியிருந்தது. 'இங்க m தான் இருக்கதுலயே சின்னது. அதைவிடச் சின்னது உள்ள கிடையாது.' இனி எடுக்கிற நகல்கள் அப்படித்தான் போகும்.

அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஒரு நகல் வாங்கி வந்து உன் மேசையில் வைத்திருக்கிறேன். உன்னிடம் தர அது ஒன்றுதான் இருக்கிறது. உனக்குக் கணக்கு வராது என்று நீ இனிமேல் சொல்லாதே. வரும் என்று நான் சொல்லவில்லை. வருமா வராதா என்று இதுவரை யாரும் பார்க்கவே இல்லை, பெற்றவளும் பார்க்கவில்லை, பாடம் நடத்தியவளும் பார்க்கவில்லை. மறுபடி நேர்காணலுக்குப் போ என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் திங்கட்கிழமை நீ ஒரு வகுப்பில் போய் நிற்கப்போகிறாய். மூன்றாவது பெஞ்சில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

மற்ற பக்கங்களில் எத்தனை வரி இல்லை என்று பார்க்கலாம் என்று இன்று காலை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று கேட்டுக்கொண்டு போகிறேன். முதல் பக்கம் சரி. இரண்டாம் பக்கமும் சரி. மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். ஒரு படி எப்படி வந்தது என்று தெரியவில்லை. பழைய நோட்டில் அந்த இடத்தைப் பூச்சி தின்றுவிட்டது. அது நான் விட்ட வரியா, எனக்கு எப்போதுமே தெரியாத வரியா என்பதும் தெரியவில்லை. சாப்பாடு வைத்துவிட்டு வந்து பார்த்தேன், அப்போதும் வரவில்லை. வெள்ளிக்கிழமை கொஞ்சம் சீக்கிரம் வா. நீயும் பார். மூன்றாம் பக்கம், கீழிருந்து நான்காவது வரி.